ராணி சாப்பிடவில்லை

“ஆறு மாசத்துல ஒரு நாளு லீவு கேட்டிருப்பியா இருசு? உனக்கு ராணின்னா அம்புட்டு உசுரு!” என்றாள் சுந்தராம்பாள்.

இருசம்மாள் மடியில் கிடந்த வெள்ளைச் சடை நாய்க்குக் காதோரம் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள்.

பெங்களூரிலிருந்து வாங்கிவந்த பொமரேனியன் அது. பெரம்பலூரில் நாலு பஸ் ஓட்டும் சுந்தராம்பாள் வீட்டில் பிள்ளை இல்லாத குறைக்கு வந்தது. முயல் அளவுதான் இருக்கும். ஆனால் அதனிடம் கடி வாங்கி மூன்று வேலைக்காரிகள் ஓடிப்போயிருந்தார்கள்.

இருசம்மாள் வேலை கேட்டு வந்த அன்றும் குரைத்துக்கொண்டு பாய்ந்தது. “ராணி, வா” என்று அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் நின்று முகர்ந்தது. சுந்தராம்பாளுக்கு அதுவே போதும், வேறெதுவும் விசாரிக்கவில்லை.

வெயிலில் தரை சுட்டால் இருசம்மாள் ஈரச் சாக்கு விரித்தாள். தினமும் சடையைச் சீவிவிட்டாள். தயிர்சோற்றை விரலால் மசித்து ஊட்டி ஊட்டி, தட்டில் வைத்தால் ராணி திரும்பியும் பார்க்காது என்றாக்கினாள். கடைசியில் சுந்தராம்பாள் ஊட்டினாலும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது.

பிறகு ஒரு திங்கட்கிழமை இருசம்மாள் வரவில்லை.

ராணி வாசற்படியிலேயே கிடந்தது. பால், முட்டை, ரொட்டி எதையும் தொடவில்லை. மூன்றாம் நாள் எழுந்து நிற்கவே தடுமாறியது.

திருச்சியில் கால்நடை டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, “நோய் ஒண்ணும் இல்லம்மா. இந்தச் சாதி நாய் ஒருத்தர்கிட்ட ஒட்டிக்கிட்டா அவ்வளவுதான், ஏங்கியே போயிடும். சோறு ஊட்டுனவங்களத் தேடிப் புடிங்க” என்றார்.

டிரைவர் அரியமுத்து அலைந்து விசாரித்து, சிறுவாச்சூருக்கு அந்தாண்டை அவள் குடிசையைக் கண்டுபிடித்தான். அம்பாசிடர் நுழையாத சந்து அது. சுந்தராம்பாள் நாயை முந்தானையில் சுற்றிக்கொண்டு சேற்றில் இறங்கி நடந்தாள்.

“இருசு, எம் புள்ள சாவுதுடி!”

இருசம்மாள் நாயைக் கையில் வாங்கினாள். கஞ்சியில் விரலை நனைத்து நீட்டினாள். ராணி மெல்ல நக்கியது. அரைக் கிண்ணம் இறங்கியதும் வாலை ஆட்டியது.

சுந்தராம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள். “வாடி கண்ணு, நம்ம வூட்டுக்குப் போவலாம்.”

ராணி உர்ரென்று பல்லைக் காட்டிவிட்டு இருசம்மாளின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

“இனிமே அது உங்ககிட்ட வராதுங்க. இழுத்துக்கிட்டுப் போனா மறுபடியும் பட்டினிதான் கெடக்கும். இங்க இருந்தா பொழைக்கும்.”

“அப்ப நீ வேலைக்கு வந்துடு. என்ன கேட்டாலும் செய்யிறேன்.”

“வர மாட்டேங்க.”

சுந்தராம்பாளுக்கு இப்போதுதான் மெல்ல உறைத்தது.

“அடிப்பாவி! திட்டம் போட்டுத்தான் பண்ணியா? எம் புள்ளய எங்கிட்டேருந்து பிரிக்கிற அளவுக்கு நான் உனக்கு என்னடி செஞ்சேன்?”

இருசம்மாள் நாயின் முதுகைத் தடவியபடியே சொன்னாள்.

“போன ஐப்பசியில உங்க பருத்திக் காட்டுல களை எடுத்த பொண்ண பாம்பு கடிச்சிடுச்சு. தூக்கியாந்து உங்க வாசல்ல போட்டாங்க. ராணிக்கு ஊசி போட காரு திருச்சிக்குக் கெளம்பி நின்னுச்சு. அவளயும் ஏத்திக்கிட்டுப் போங்கன்னு கால்ல வுழுந்து கெஞ்சுனாங்க. பின்சீட்டுல ராணி படுக்கணும்னு கதவச் சாத்திட்டீங்க. பஸ்ஸுக்கு நிக்கும்போதே அவ உசுரு போயிடுச்சு.”

சுந்தராம்பாளின் முகம் வெளுத்தது. இருந்தாலும் குரல் இறங்கவில்லை.

“எவளோ கூலிக்கு வந்தவ... அவளுக்கும் உனக்கும் என்னடி?”

“எம் மவ.”