இரண்டாம் மாடி

கட்டற்ற மென்பொருள் அன்பர்களின் குடியிருப்பு அது. உடம்பில் பொருத்திய கருவியில் ஓடும் மென்பொருளை எல்லாருக்கும் திறந்து காட்டுபவர்களுக்கு முதல் மாடி. மூடிய மென்பொருளாகக் கம்பெனி ரகசியத்தைச் சுமப்பவர்களுக்கு மூன்றாம் மாடி. தணிகாசலத்துக்குப் போன வாரம்தான் கம்பெனி செய்த செயற்கை இதயம் பொருத்தியிருந்தார்கள்.

“சார் மூணாவதுக்குப் போகணும். உங்க முழங்கால் திறந்த மென்பொருள்தான், நீங்க முதல் மாடியிலயே இருக்கலாம்மா,” என்றாள் அலுவலகப் பெண், அவர் மனைவி வேதவல்லியிடம்.

“அப்பாடா, குறட்டைச் சத்தம் ஒழிஞ்சுது,” என்றாள் வேதவல்லி.

“நானும் நிம்மதியா டிவி பாப்பேன்,” என்றார் அவர்.

லிஃப்ட் வரை போன வேதவல்லி திரும்பி வந்தாள். “ரெண்டாவது மாடி யாருக்கும்மா?”

“தன்னோடது எல்லாம் திறந்ததுதான், ஆனா மூடின சாமான் ஒண்ணு இல்லாம ஓடாதுங்கறவங்களுக்கு.”

“என்னை அங்க போடு.”

“உங்களுக்கு அப்படி என்னம்மா சாமான்?”

வேதவல்லி எரிச்சலோடு கணவரைக் காட்டினாள். “இதோ, பேந்தப் பேந்த முழிச்சுக்கிட்டு நிக்குதே!”