தனிக்குழல்

குழியருகே இருந்தவர்கள்: பெட்டிக்குள் ஓய்வுபெற்ற சார்ஜென்ட் கென்னத் பியூகன், அவன் மனைவி எல்ஸ்பெத், பாதிரியார், பைக்குழல் ஊதும் போலீஸ் காவலர்களின் பைப் பேண்டு, அதன் தலைவர் பைப் மேஜர் டோர்க்வில் மன்ரோ.

கல்லறைத் தோட்டத்தின் வெளி வாசலில், மழையில், மன்ரோவின் மகன் ருவாரி. உள்ளே வா என்று அவனை யாரும் அழைக்கவில்லை.

பேண்டில் யாருக்கும் சம்பளம் கிடையாது. ஊர்த் திருவிழாவுக்கும் சகாவின் சாவுக்கும் தாமாக வந்து வாசிப்பவர்கள். வரமாட்டேன் என்று மன்ரோ சொல்லியிருக்கலாம். ஊரே அப்படித்தான் எதிர்பார்த்தது.

பியூகன் குடித்துவிட்டு ரோந்து வண்டியைப் பாலத்தில் மோதியவன். விசாரணையில், ஓட்டியது ருவாரி என்று சத்தியம் செய்தவன். ருவாரியின் சீருடை போயிற்று. பேண்டில் அவன் அடித்த முரசும் போயிற்று.

மன்ரோ வீட்டில் மூன்று தலைமுறையாகக் காவல் உடுப்பு தொங்கிய ஆணியில் இப்போது மீன்பிடிப் படகுக்குப் போகும் ருவாரியின் மழைக்கோட்டு தொங்குகிறது.

பக்கத்தில் நின்ற பேண்டுக்காரன் ஆர்ச்சி கிசுகிசுத்தான். “மூச்சு முட்டுதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க மேஜர், தனிக்குழலை நான் வாசிச்சுக்கிறேன். பெட்டியில கெடக்கறவன் எந்திரிச்சு வந்து குத்தமா சொல்லப் போறான்?”

“மன்ரோ வீட்டுக்காரனுக்கு மூச்சு முட்டி எவன்டா பாத்தான்? வாயை மூடிட்டு நேரா நில்லு.”

பெட்டி இறங்கத் தொடங்கியது. எல்லாரும் குழியைப் பார்த்து விறைத்து நின்றார்கள்.

மன்ரோ குழலின் காற்றுப்பையை அக்குளில் இறுக்கினார். விலா எலும்புக்குள் கோபம் கொதித்தது. சுரத்தில் ஒரு பிசிறு இல்லை. பியூகனுக்காகப் பிழையாக வாசிக்கும் அளவுக்கு மன்ரோ குடும்பம் தாழ்ந்துவிடவில்லை.

பாட்டின் முதல் அடி முடிந்ததும் குதிகாலில் திரும்பினார். வாசித்துக்கொண்டே நடந்தார். கல்லறைகளைத் தாண்டி, வாசலைத் தாண்டி, ருவாரியின் அருகில் போய் நின்று கடைசிச் சுரத்தை முடித்தார்.

எல்ஸ்பெத் விம்மினாள்.

மன்ரோ மன்னித்துவிட்டார், தனிக்குழலைக் கேட்டு வாங்கி வாசித்தாராம் என்று மீன் சந்தையில் இன்றும் பேசுகிறார்கள்.

கேட்டு வாங்கியது உண்மை. மன்னிக்கவில்லை.

பெட்டி இறங்கும்போது தனிக்குழல் வாசிப்பவன் ஒருவன்தான் செத்தவனுக்கு முதுகைக் காட்டிவிட்டுப் போகலாம். அது பேண்டின் மரபு.