நாலு பத்து

வத்தளைத் தொழிற்சாலையின் தகடு வெட்டும் மெஷின் சரியாக நாலு மணிக்கு அன்ரனிதாஸின் வலது பெருவிரலைக் கடித்துத் துப்பியது. இரத்தம் சுவரெல்லாம் தெறித்தது. அந்த நிமிடமே அவனை ஓட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள்.

"விரலையும் கொண்டுவந்திருந்தா தைச்சிருக்கலாம்" என்றார் டாக்டர்.

"மூலை முடுக்கெல்லாம் தேடினனாங்கள், கிடைக்கேல்லை" என்றார், பின்னால் வந்து சேர்ந்த மனேஜர் யோகராஜா.

ஒரு மாதத்தின் பின் நட்டஈடு கேட்டுப் போனவனின் முன்னால், வாசல் கைரேகை மெஷினின் பதிவை அவர் விசிறியெறிந்தார்.

"பாரும்! நாலு பத்துக்குப் பெருவிரலை வைச்சு டியூட்டி முடிச்சிருக்கிறீர். அதுக்குப் பிறகு மெஷினில விளையாடி வெட்டுப்பட்டா நாங்கள் பொறுப்பில்லை."

அன்ரனிதாஸின் இடது கை பாய்ந்து அவருடைய கழுத்தை நெரித்தது.

"நாலு மணிக்கு அறுந்த விரலை நாலு பத்துக்கு வைச்சது ஆரடா?"