சுவருக்குள் போன குச்சி

1956இல் வேப்பனப்பள்ளியில் சென்னகிருஷ்ணன் விலைக்குப் பார்த்தது ஏழாவது வீடு. வாடகை வீட்டைத் தை மாதத்துக்குள் காலி செய்தாக வேண்டும். இதிலும் சுவரில் விரிசல். எரிச்சலோடு நாலு முழ மூங்கில் குச்சியை அதற்குள் விட்டார்.

"அந்தப் பக்கம் வந்திருச்சா பாரு!"

வெளியே நின்ற மனைவி ருக்மணி, "இங்க விரிசலே இல்லீங்க" என்றாள்.

ஒரு முழச் சுவர்தான். குச்சி மூன்று முழம் உள்ளே போயிருந்தது.

"என்னய்யா இது?"

"பாக்க வர்றவங்க எல்லாரும் இதத்தான் கேக்கறாங்க," என்று சலித்துக்கொண்டார் வீட்டுக்காரர் திம்மப்பன். "வாங்கறதுன்னா சொல்லுங்க."

சென்னகிருஷ்ணன் குச்சியை வெளியே இழுக்கப் பார்த்தார். உள்ளிருந்து யாரோ, கிணற்றுக் கயிற்றை இழுப்பதுபோல் நிதானமாக, அதை முழுக்கத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். அவர் உள்ளங்கையில் ஒரு சிராய் மட்டும் மிஞ்சியது.

உள்ளே நடந்தது தெரியாமல் வெளியே ருக்மணி கத்தினாள்: "ஆறு வீட்டுக்கு நொட்டை சொன்னது போதுங்க! இதையே பேசி முடிச்சிருங்க!"