தலைகீழ்ப் பறவை

"இத யாரும் தொடாதீங்க!"

விலை மதிக்க வந்தவர் போட்ட சத்தத்தில், தேநீர்க் கோப்பையோடு நான் அப்படியே நின்றுவிட்டேன்.

காலையிலிருந்து ஏழு ஆல்பம் புரட்டியாயிற்று. எல்லாம் அப்பா அறுபது வருடமாகச் சேர்த்த தபால்தலைகள். வந்தவர் ஒரு கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு, இடுக்கியால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பார். உதட்டைப் பிதுக்குவார். இருந்த இடத்திலேயே வைப்பார்.

அப்பா பெருமையாக நீட்டிய கப்பல் வரிசைக்கு அவர் சொன்ன விலையில் ஒரு குடை வாங்கலாம். நல்ல குடையாக வாங்க முடியாது.

இந்த மதிப்பீடே எனக்காகத்தான். எண்பத்திரண்டு வயதில் அப்பா உயில் எழுதப்போகிறார். எல்லாம் எனக்கு. அண்ணனுக்கு ஒரு ஸ்டாம்ப்கூடக் கிடையாது.

அண்ணன் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறான். இருபத்தாறு வருடமாக அவனுக்கும் அப்பாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இரண்டாம் ஆல்பத்தில் ஒரு பக்கம், பன்னிரண்டு தபால்தலைகளோடு, காணாமல்போன அதே வாரத்தில் அண்ணன் புது சைக்கிள் வாங்கியிருந்தான். ஓவர்டைம் பார்த்த காசு என்றான். அப்பா நம்பவில்லை. திருடனுக்கு இந்த வீட்டில் இடமில்லை என்று சொல்லிவிட்டார். அண்ணன் சைக்கிளை வாசலிலேயே விட்டுவிட்டு நடந்தே போனான்.

உண்மை தெரிந்த பிறகும் அப்பாவுக்கு ஏன் இந்தப் பிடிவாதம் என்பதுதான் எனக்கு இன்றுவரை பிடிபடாத விஷயம். கேட்கவும் துணிச்சல் வரவில்லை. என்ன தேறும் என்று தெரிந்தால் பாதியைச் சத்தம் போடாமல் அண்ணனிடம் தள்ளிவிடலாம் என்று நினைத்திருந்தேன். அதற்குமேல் எனக்கு யோசனை ஓடவில்லை.

கடைசி ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில்தான் அந்தக் கடித உறை இருந்தது.

மூலையில் ஒரே ஒரு தபால்தலை. மரக்கிளை நேராக இருந்தது. அதில் உட்கார வேண்டிய பறவை மட்டும் தலைகீழாகத் தொங்கியது. அச்சகத்தில் யாரோ தூங்கி வழிந்திருக்கிறார்கள்.

வந்தவர் லென்ஸைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். இடுக்கியால் உறையைத் திருப்பினார்.

"பிரிக்கவே இல்லையா சார்? இது ஒண்ணு போதும். மத்த எல்லாத்தையும் சும்மாவே குடுத்துடலாம்."

விலையைச் சொன்னார். எனக்குத்தான் காதில் தப்பாக விழுந்தது என்று நினைத்து மறுபடி கேட்டேன். அதே விலைதான். ஒரு வீடு வாங்கலாம், மாடியோடு.

"ஒட்டினது ஒட்டினபடி இருக்கறதாலதாம்மா இந்த வெல. பிரிச்சா கால்வாசிகூடத் தேறாது."

அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அம்மா போன பிறகு நான் பார்க்காத சிரிப்பு.

விலை எனக்கு மறந்தே போயிற்று. நான் உறையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரம் எங்கும் கிழியவில்லை. அப்பா ஆவி காட்டிப் பிரித்துத் திரும்ப ஒட்டியிருப்பாரோ? அப்படிச் செய்தால் காகிதம் சுருங்கும் என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அப்பாதான். சுருக்கமும் இல்லை.

"நீங்க இதப் படிக்கவே இல்லையாப்பா?"

"படிக்க என்ன இருக்கு?" என்றார், இதையெல்லாம் ஒரு கேள்வி என்று கேட்கிறாயே என்கிற மாதிரி. "சொல்லாம கொள்ளாம போய்க் கல்யாணம் பண்ணிக்கிட்டவ, மன்னிப்புதான கேட்டிருப்பே? ஸ்டாம்ப்பப் பாத்தேன். எனக்காகவே ஒட்டியிருக்கேன்னு தெரிஞ்சுது. படிக்காமலே மன்னிச்சுட்டேன்."

என் கையெழுத்துதான். அண்ணன் போன சில மாதத்தில் நானும் வீட்டைவிட்டுப் போனேன்; மறு வருடம் எழுதியது. தபால் நிலையத்தில் கொடுத்த தபால்தலையில் பறவை தலைகீழாக இருப்பதைப் பார்த்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இதைக் கண்டால் அப்பாவுக்குப் பாதிக் கோபம் போய்விடும், மீதியைக் கடிதம் பார்த்துக்கொள்ளும் என்றுதான் ஒட்டினேன்.

நான்கு வருடம் கழித்து, அடிப்பாரோ விரட்டுவாரோ என்று இந்த வாசலில் வந்து நின்றபோது அவர் சொன்னது நான்கே சொற்கள். "லெட்டர் வந்துச்சு. உள்ள வா."

வந்தது என்றுதான் சொன்னார். நான்தான் மிச்சத்தைச் சேர்த்துக்கொண்டேன். இருபத்தொரு வருடம் அதை நம்பி நிம்மதியாகச் சாப்பிட்டேன், தூங்கினேன், அப்பாவின் பிடிவாதத்தை அண்ணியிடம் குறைகூடச் சொன்னேன்.

அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. இப்போது வாயால் சொல்லிவிடலாம். வாய் வராமல்தானே அன்றைக்கு எழுதினேன்.

"உள்ள என்ன இருந்தா என்னம்மா, வெறும் காயிதம்தான" என்றார் வந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு.

மேசையில் கத்தரிக்கோல் இருந்தது. எடுத்து அப்பாவிடம் நீட்டினேன். வந்தவர் பதறிப்போய் உறையை இரண்டு கையாலும் மறைத்தார்.

அப்பா கத்தரிக்கோலைப் பார்த்தார். பறவையைப் பார்த்தார். ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார்.

உள்ளே ஒரே ஒரு தாள்தான். முதல் வரி எனக்கு இன்னும் மனப்பாடம்.

'அப்பா, அந்தப் பக்கத்தை எடுத்து விற்றது நான். அண்ணனைத் திரும்பக் கூப்பிடுங்கள்.'