ஒன்பதாவது நிபந்தனை

தீர்த்தம்மாளின் மினி லாரி பட்டறை வாசலில் வந்து நின்றதுமே கரீம் மேஜை டிராயரைத் திறந்தான். பாப்பாரப்பட்டியில் இருக்கும் அவளுடைய புளி மண்டிக்கு அவன் செய்து கொடுத்த கொட்டை எடுக்கும் மெஷின், எட்டு நாள் படுத்துக் கிடந்து நேற்றுதான் எழுந்திருந்தது.

அவள் வாய் திறக்கும் முன்பே ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினான்.

"ஒன்பதாவது நிபந்தனையப் பாருங்கக்கா. மெஷின் கெட்டா ரிப்பேர் எங்க பொறுப்பு. அதனால வர்ற வியாபார நஷ்டத்துக்கு நாங்க பொறுப்பில்லீங்க."

"எட்டு நாளா ஒரு லோடு அனுப்ப முடியல பாய்."

"புரியுதுங்க. ஆனா மெஷினச் சரிபண்ணிக் குடுத்துட்டோம். அது நின்னதால வேற என்ன நடந்திருந்தாலும் எங்களுக்குச் சம்பந்தமே இல்லீங்க."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"எழுதி வேணாலும் தர்றேங்க."

தீர்த்தம்மாள் டிரைவர் பக்கம் திரும்பினாள். "கிடாவ எறக்காதப்பா. வண்டிய வூட்டுக்கே திருப்பு."

"கிடாவா?" என்றான் கரீம்.

"அனுப்ப முடியாம கெடந்த புளிக்கு இப்பக் கிலோவுக்கு நாப்பது ரூபா ஏறிப்போச்சு. எல்லாம் உங்க மெஷின் நின்ன புண்ணியம். பக்ரீத்துக்கு ஆகட்டுமேன்னு கொண்டாந்தேன். நீங்கதான் சம்பந்தமே இல்லைங்கறீங்களே!"

ஒப்பந்தத்தை டைப் அடித்த கரீமின் மனைவி ஷகிலா உள்ளேயிருந்து ஓடி வந்தாள்.

"அக்கா, நஷ்டத்துக்குத்தான் பொறுப்பில்லைன்னு போட்டிருக்கேன். லாபத்தப் பத்தி அதுல ஒரு வார்த்தை இருக்கான்னு படிச்சுப் பாருங்க!" என்றவள், பேச்சோடு பேச்சாகக் கிடாவின் கயிற்றை அவிழ்த்துவிட்டிருந்தாள்.