பாதி வாடகை

“ரூம் வாடகையப் பாதிப் பாதியாப் போட்டுக்கலாம்னு வாட்ஸ்அப் குரூப்ல எழுதியிருந்தது நீங்கதானே?”

கதவைத் திறந்தவளின் கையில் பாதி உரித்த முட்டை இருந்தது. பின்னால், டீ போடுவதற்கென்று ஓட்டலில் வைத்திருந்த கெட்டிலில் இன்னும் இரண்டு முட்டைகள் வெந்துகொண்டிருந்தன.

“நானேதான். உள்ள வாங்க. நீங்களும் கண்காட்சிக்குத்தானே?”

“ஆமாங்க்கா. ஒருத்திக்கு எதுக்கு முழு ரூமு? எங்க ஆளுங்க குடிச்ச டீக்குக்கூடக் கணக்குக் கேப்பாங்க.”

அந்த ஒரு பேச்சிலேயே முட்டைக்காரிக்கு வந்தவளைப் பிடித்துப் போயிற்று.

அவள், மலையேறுகிறவர்கள் முதுகில் மாட்டிக்கொள்ளும் பைகளைத் தைக்கிற ஒரு சின்னப் பட்டறைக்கு முதலாளி. பட்டறைப் பெண்கள் மறைவில் அவளுக்கு வைத்திருந்த பெயர் சிக்கனக்கா. பெயர் பொய்யில்லை. ஸ்டாலில் கட்ட எடுத்து வந்தது போன வருஷத்துப் பேனர். வருஷத்தை மட்டும் துணி ஒட்டி மறைத்திருந்தாள். மேசை விரிப்பு, வீட்டுப் படுக்கை விரிப்பு. பஸ் நிலையத்திலிருந்து மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தே வந்துவிட்டாள். தோள்பட்டை இன்னும் விண்விண் என்று தெறித்தது, ஆனால் ஆட்டோ காசு மிச்சம்.

இத்தனையும் ஓர் ஆர்டருக்காக. பல ஊர்களில் கடை போட்டிருக்கும் பெரிய கம்பெனி ஒன்றிலிருந்து ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். நாளைக்கு அது படிந்தால் பட்டறை வருஷம் முழுக்க ஓடும். படியாவிட்டால் பாதி மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டு, பாதிப் பெண்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

வந்தவள் செருப்பைக் கழற்றியதும் கட்டில்மேல் கிடந்த பையைத்தான் எடுத்தாள்.

“இது நீங்க தச்சதாக்கா?”

“ஆமா.”

பையின் உள்பக்கத்தை வெளியே திருப்பினாள். தையலை நகத்தால் நெம்பிப் பார்த்தாள். ஜிப்பை ஓயாமல் இழுத்து இழுத்து மூடினாள். அப்புறம் கைப்பையிலிருந்து ஒரு டேப்பை எடுத்து, தோள்வாரின் அகலத்தை அளந்தாள்.

சிக்கனக்கா முட்டையைக் கீழே வைத்தாள். எந்தப் பெண்பிள்ளை ஓட்டலுக்கு டேப் எடுத்துக்கொண்டு வருவாள்?

“நீங்க என்ன தொழில் பண்றீங்கம்மா?”

“இதே லைன்தாங்க்கா,” என்று சிரித்தாள். “இந்த வாரு எங்க வாங்கறீங்க?”

“அதெல்லாம் எங்க வீட்டுக்காரருக்குத்தான் தெரியும்,” என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு சிக்கனக்கா குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டாள்.

“ஏங்க, கூடத் தங்க வந்திருக்கிறவ நம்ம பைய அக்கு அக்காப் பிரிச்சுப் பாக்கிறா.”

“அது என்ன பின்னால அவ்வளவு சத்தம்?”

“அவளுக்குக் கேக்கக் கூடாதுன்னு குழாயைத் திறந்து விட்டிருக்கேன்.”

“தண்ணி வீணாப் போகுதே.”

“ஓட்டல் தண்ணிதாங்க. நான் சொல்றதக் கேளுங்க. டேப் வச்சு அளக்கிறா.”

வீட்டுக்காரரும் குரலைத் தாழ்த்தினார். “போட்டிக் கம்பெனி ஆளாத்தான் இருக்கும். போன தடவை நம்ம பக்கவாட்டுப் பாக்கெட்ட ஒருத்தன் அப்படியே காப்பியடிக்கலையா? பேசாம வெளிய அனுப்பிடு.”

“அனுப்பிட்டா பாதி வாடகைய யார் குடுப்பா?”

அதுவும் நியாயமாகத்தான் பட்டது அவருக்கு. “சரி, அப்ப ஒண்ணு செய். விலை கேட்டா அடிமாட்டு விலையாச் சொல்லி வை. இந்த விலைக்கு நம்மால தைக்க முடியாதுன்னு அவளே ஒதுங்கிடுவா.”

சிக்கனக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். நினைத்தது போலவே கேள்வி வந்தது.

“மொத்தமா எடுத்தா என்ன விலைக்குக் குடுப்பீங்கக்கா?”

“அறுநூறு.”

“அறுநூறா?” பை அவள் கையிலிருந்து நழுவிக் கட்டிலில் விழுந்தது.

“அதுலயே எங்களுக்கு நல்லா லாபம் நிக்குதும்மா,” என்றாள் சிக்கனக்கா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். துணி, ஜிப், கூலி என்று அடக்கமே எழுநூறு.

வந்தவள் அப்புறம் பையைத் தொடவில்லை. டேப்பைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டு ஏதோ யோசனையாகவே உட்கார்ந்திருந்தாள். பார்க்கப் பாவமாக இருந்தது. சிக்கனக்கா மனசு இளகி ஒரு முட்டையை நீட்டினாள்.

மறுநாள் பெரிய கம்பெனியிலிருந்து கோட்டுப் போட்ட ஒரு சார் ஸ்டாலுக்கு வந்தார். ஒவ்வொரு பையாக மாட்டிப் பார்த்தார், கழற்றினார், மறுபடி மாட்டினார். முகத்திலேயே தெரிந்தது, பிடித்துவிட்டது. விலை கேட்க அவர் வாயைத் திறக்கிற நேரம் பார்த்து அறையைப் பங்கு போட்ட அறைக்காரி வந்து பக்கத்தில் நின்றாள்.

சிக்கனக்கா சட்டென்று இருவருக்கும் நடுவில் போய் நின்றாள். உண்மையான விலை இவள் காதில் விழுந்தால், நேற்றுச் சொன்ன பொய்யின் சாயம் வெளுத்துவிடும். அதற்கும் கீழே ஒரு விலை போட்டு, கண் எதிரிலேயே ஆர்டரைக் கொத்திக்கொண்டு போய்விடுவாள்.

“சார், இப்படிக் கொஞ்சம் வாங்களேன்,” என்று அவரை மூலைக்குக் கூட்டிப் போனாள். பையால் வாயை மறைத்துக்கொண்டு குசுகுசுத்தாள். “தொள்ளாயிரம் சார். உங்களுக்காக எண்ணூத்தம்பது.”

அவர் தலையாட்டினார். திருப்தியாகத்தான் ஆட்டினார். சிக்கனக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பட்டறையில் எல்லா மெஷினும் ஓடுகிற சத்தம்கூடக் காதில் கேட்டது.

பிறகு அவர் அறைக்காரி பக்கம் திரும்பி, ரொம்பப் பணிவாகக் கேட்டார். “மேடம், எண்ணூத்தம்பது சொல்றாங்க. நம்ம கடைங்களுக்கு எடுத்துடலாமா?”

“எடுத்துடலாம். ஆனா எண்ணூத்தம்பது எதுக்கு?” என்றாள் மேடம். “அறுநூறுலயே இவங்களுக்கு நல்லா லாபம் நிக்குதாம். நேத்து ரூம்ல அக்காவே சொன்னாங்க.”